இருப்புப்பாதைக் கம்பெனிகளும் கடன் எல்லையும்

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் நம்மைக் கேட்டபோது, சோழர் கடற்படை பற்றி எழுதலாமே என்றார் ஒரு நண்பர். பல்லவர் குடைவரைகளைப் பற்றி எழுதலாமே என்றார் மற்றொருவர். அவற்றை எழுதத் தக்க புலமை உடையோர் நம் சங்கத்தில் பலர் உளர். நாமோ மெட்ரிக் தேறியதோடு படிப்பை நிறுத்தி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேக் கணக்குப் பிரிவில் பற்று வரவு பார்த்து வருகிறோம். நமக்குத் தெரிந்தது இருப்புப்பாதையும் கணக்கும். ஆகவே அவ்விரண்டும் கூடுமிடத்தில் நிகழ்ந்த ஒரு வரலாற்றையே இங்குக் கூற முற்படுகிறோம். ஒரு கம்பெனி மேலும் மேலும் கடன் வாங்காதவாறு அதற்கு எல்லை வகுக்க மக்கள் முயன்ற வரலாறு அது. அந்த எல்லையைத் தாண்டக் கம்பெனிகள் கண்ட வழிகளின் வரலாறும் அதுவே.

இப்பொருளில் நமக்கு நாட்டம் பிறந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் நம்மோடு பணிபுரிந்த ஒருவர் ஊழியர் கடன் சங்கத்தில் கடன் கேட்டார். இரண்டு ஊழியர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பது விதி. நாம் அவருடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையையும், மாதத் தவணையையும் ஒரு தாளில் எழிதிக் கூட்டிக் கழித்தோம். தாராளமாகக் கட்டலாம் என்று தோன்றியது; கையெழுத்திட்டோம். நாம் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது அன்றைய தேதிக் கணக்கு. அடுத்த ஓராண்டிற்குள் அவர் தனியார் நிதி நிறுவனம் ஒன்றிலும், இரண்டு சீட்டுகளிலும், வட்டிக்கடை ஒன்றிலும் கடன்பட்டார். சம்பளம் அதே சம்பளந்தான். பங்கு கேட்டு வந்தவர்கள் ஐவர். முடிவில் அவர் வேலையை விட்டுச் சென்றார். நமது சம்பளத்திலிருந்து முப்பத்தொரு மாதம் பிடித்தம் நடந்தது. நம் மூத்த மகளைக் கல்லூரியில் சேர்க்க வைத்திருந்த பணம் அவ்வாறு கரைந்தது. அவள் ஓராண்டு வீட்டில் இருந்து மறு ஆண்டுதான் சேர்ந்தாள்.

அந்நண்பர் நம்மிடம் பொய் சொன்னார் என்று கூற மாட்டோம். கையெழுத்திட்ட அன்று அவர் காட்டியவை யாவும் உண்மை. அதற்குப் பிறகு கடன் வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லவுமில்லை, நாம் கேட்கவுமில்லை. கடன் கொடுப்பவன் அளந்து பார்க்கக் கூடியது இன்றுள்ள கடனைத்தான். நாளை வரப்போகும் கடனை எவ்வாறு அளப்பது? இந்தக் கேள்வி மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த நாளில்தான், ரயில்வே இன்ஸ்டிடியூட் நூலகத்துப் பழைய நூல்களில், ஆங்கில நாட்டு இருப்புப்பாதைக் கம்பெனிகளின் கதை நம் கண்ணிற் பட்டது.

1825இல் ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதை திறக்கப்பட்டது. 1830இல் லிவர்ப்பூல் – மாஞ்செஸ்டர் பாதை வந்தது. அதன் பின் பிரிட்டனில் பாதை போடும் ஆசை காட்டுத்தீப் போலப் பரவிற்று. ஒவ்வொரு கம்பெனியும் பார்லிமெண்டில் தனிச்சட்டம் ஒன்று பெற்றுத்தான் பிறந்தது. பிறர் நிலத்தைக் கட்டாயமாக வாங்கும் அதிகாரம் வேறெவ்வகையிலும் கிட்டாது. அவ்வதிகாரத்தைக் கொடுத்த பார்லிமெண்டு, கூடவே ஒரு கடிவாளத்தையும் பூட்டியது. பங்குகள் மூலம் இவ்வளவு மூலதனம் திரட்டலாம். அதில் மூன்றில் ஒரு பங்கு வரையில்தான் கடன் வாங்கலாம். அக்கடனையும், பங்குகள் முழுவதற்கும் ஆள் சேர்ந்து, அவற்றின் பணத்தில் பாதி வசூலான பின்னரே வாங்கலாம் என்பது அச்சட்டங்களில் வழக்கமாக இடம்பெற்ற விதி. 1845இல் இயற்றப்பட்ட கம்பெனி ஷரத்துகள் ஒருங்கிணைப்புச் சட்டம் இதற்கு வேண்டிய நடைமுறையைப் பொதுவாக வகுத்தது. பாதிப் பணம் வசூலாகிவிட்டது என்பதற்கு மாஜிஸ்திரேட்டு ஒருவரின் சான்று பெற வேண்டும். அச்சான்றே போதிய அத்தாட்சி ஆகும்.

மூன்றில் ஒன்று என்ற அளவின் கருத்து யாது? ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். தொகைகள் நாம் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டவை. பங்கு மூலதனம் 30 லட்சம், கடன் 10 லட்சம், வட்டி நூற்றுக்கு 5 என்க. ஆண்டு வட்டி 50 ஆயிரம். பாதையின் நிகர வருவாய் முதலீட்டில் நூற்றுக்கு 4, அதாவது 1 லட்சத்து 60 ஆயிரம் என்க. வட்டியைப் போல மூன்று மடங்குக்கு மேல் வருவாய் இருக்கிறது. விளைச்சல் பொய்த்துச் சரக்குக் குறைந்தாலும், எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தாலும், முதலில் நட்டப்படுபவன் பங்குதாரன். கடன் கொடுத்தவனுடைய வட்டிக்கு ஆபத்தில்லை. இப்போது அக்கம்பெனி மேலும் 20 லட்சம் கடன் வாங்கி, இன்னும் ஓடத் தொடங்காத ஒரு கிளைப் பாதையில் போட்டுவிட்டது என்க. வட்டி 1 லட்சத்து 50 ஆயிரமாகிறது. வருவாய் பழைய 1 லட்சத்து 60 ஆயிரந்தான். முதலில் கடன் கொடுத்தவன் ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. கூடுதல் வட்டியும் பெறவில்லை. ஆயினும் அவன் நிற்கும் தரை அவனறியாமலே சரிந்துவிட்டது.

இதைவிடக் கடுமையான ஒன்றும் அச்சட்டத்தில் இருந்தது. முன்னே வாங்கிய அடமானக் கடனுக்கு முன்னுரிமை, பின்னே வாங்கியதற்குப் பின்னுரிமை என்னும் வேறுபாடு அங்கில்லை. அச்சட்டப்படி அடமானம் பெற்ற யாவரும் தேதி வேறுபாடின்றித் தத்தம் தொகைக்கேற்பச் சமமாகவே பங்கு பெறுவர். கலியாணப் பந்தியில் நூறு பேருக்கு உலை வைத்த வீட்டில் இருநூறு இலை விழுந்தால், முதலில் வந்து அமர்ந்தவனுக்கும் அரை வயிறுதானே! ஆகவே இத்தனை இலைக்கு மேல் போடக்கூடாது என்ற விதி ஒன்றுதான் முன் வந்தவனுக்குக் காவல்.

விதி வந்தவுடன் மீறலும் வந்துவிட்டது. கடன் சீட்டு என்ற பெயரால் வெறும் கைச்சீட்டு எழுதிக் கொடுத்துப் பல கம்பெனிகள் பணம் வாங்கின. 1844இல் கிளாட்ஸ்டன் முயற்சியால் வந்த ரயில்வேச் சட்டம் இதைத் தடுத்தது. அச்சட்டத்தை நம் துறையினர் வேறொரு காரணத்தால் நினைவில் வைத்திருப்பர். மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில், மழைக்கு மறைப்புள்ள வண்டியில், நாளுக்கு ஒரு முறையேனும் ஏழைப் பயணிகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று விதித்த சட்டம் அதுவே. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, அனுமதியின்றிக் கடன் சீட்டு வெளியிடும் கம்பெனி, சீட்டில் கண்ட தொகைக்குச் சமமான தொகையை அபராதமாகச் செலுத்த வேண்டும் என்றது. முன்பே வெளியிட்டவற்றை மட்டும் ஐந்தாண்டுக்குள் புதுப்பித்துத் தீர்த்துக்கொள்ள இடமளித்தது. மூன்றாம் வகுப்புப் பயணிக்குக் கூரையும், கடன் கொடுத்தவனுக்குக் காப்பும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன என்பது நமக்கு மகிழ்ச்சி தந்த செய்தி.

ஆனால் சட்டம் ஒரு கதவை அடைத்தால் வக்கீல் ஒரு ஜன்னலைத் திறப்பார். ஜான் ஹொரேஷியோ லாயிட் என்ற பாரிஸ்டர் கண்ட உபாயம் "லாயிட் பத்திரம்" என்று பெயர் பெற்றது. கம்பெனி கடன் வாங்கக் கூடாது, சரி. ஆனால் வேலை செய்த காண்டிராக்டருக்குக் கூலி பாக்கி வைப்பது கடன் வாங்குவதாகுமா? ஆகாது. அந்தப் பாக்கி உண்மை என்று கம்பெனி முத்திரையிட்டு ஒப்புக்கொண்டு, இன்ன தேதியில் இன்ன வட்டியுடன் தருவோம் என்று எழுதிக் கொடுத்தால் அது கடனா? அதுவும் ஆகாது, இருந்த பாக்கிக்கு ஓர் ஒப்புகையே என்றார் லாயிட். காண்டிராக்டர் அப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு லண்டன் நிதி நிறுவனங்களுக்குச் சென்று, வட்டம் கழித்துப் பணமாக்கிக்கொள்வார். கம்பெனி ஏட்டில் கடன் கணக்குக் கூடவில்லை. ஆனால் ஊரில் அதன் கையெழுத்திட்ட தாள்கள் பெருகின.

உண்மையாக வேலை நடந்து, உண்மையாகவே பாக்கி இருந்தால் இதில் குற்றமில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நேர்மையாகத் தொடங்கிய வழிதான் அது. கேடு வந்தது, பாக்கி இல்லாத இடத்திலும் பத்திரம் எழுதத் தொடங்கியபோது. 1864இல் மாஞ்செஸ்டர் – மில்ஃபோர்டு ரயில்வே மீது சேம்பர்ஸ் என்பார் தொடுத்த வழக்கில், எல்லைக்கு மேல் கைமாற்றாக வாங்கிய பணத்துக்காக எழுதிய லாயிட் பத்திரம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் பழக்கம் நிற்கவில்லை.

இக்கதையின் நடுநாயகமாக விளங்குவது லண்டன், சாதம், டோவர் ரயில்வே. 1853இல் கிழக்குக் கெண்டு ரயில்வே என்ற பெயருடன், ஸ்ட்ரூடிலிருந்து கான்டர்பரி வரை பாதை போட அனுமதி பெற்ற சிறு கம்பெனி அது. 1859இல் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் நீண்டது போல ஆசையும் நீண்டது. தென்கிழக்கு ரயில்வே என்ற பெரிய கம்பெனி முன்பே அப்பகுதியில் வேரூன்றியிருந்தது. அதனோடு போட்டியிட்டு 1861இல் டோவர் துறைமுகத்தை அடைந்தது. லண்டனில் விக்டோரியா நிலையத்துக்கு ஒரு பாதை. அது போதாதென்று தேம்ஸ் நதியைத் தாண்டி நகரின் நடுவே நுழைய மற்றொரு பாதை. 1864இல் பிளாக்ஃபிரையர்ஸ் அருகே இரும்புப் பாலம் எழுந்தது. லண்டன் நகருக்குள் நிலத்தின் விலை என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான ஏழைகளின் வீடுகளை இடித்துக்கொண்டு அத்தகைய பாதைகள் அந்நாளில் நகருக்குள் புகுந்தன.

இதற்கு வேலை செய்த காண்டிராக்டர்கள் பீட்டோ, பெட்ஸ், கிராம்ப்டன் ஆகியோர். சர் சாமுவேல் மார்டன் பீட்டோவைச் சாதாரண ஆளென்று எண்ணலாகாது. லண்டனில் நெல்சன் தூணைக் கட்டிய நிறுவனத்தின் பங்காளி, 1851 உலகப் பொருட்காட்சிக்குப் பணம் சேராதபோது 50,000 பவுனுக்கு உறுதி அளித்தவர், கிரிமியப் போரில் படைகளுக்கு உணவும் குண்டும் செல்ல 1855இல் லாபமின்றிப் பாதை போட்டுக் கொடுத்துப் பட்டம் பெற்றவர், பார்லிமெண்டு உறுப்பினர், சமயப்பற்றும் ஈகையும் உடையவர். இத்தகையோர் கையெழுத்துக்கு யார்தான் மதிப்பளிக்க மாட்டார்!

கம்பெனியிடம் ரொக்கம் இல்லை. ஆதலால் காண்டிராக்டருக்குக் கூலியாகப் பங்குகளையும் கடன் பத்திரங்களையுமே கொடுத்தது. இங்கேதான் அந்த "பாதி வசூல்" விதியின் கழுத்தில் கத்தி விழுந்தது. கணக்கர் என்ற முறையில் இதைச் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம். பங்குப் பணம் வந்துவிட்டது என்று கம்பெனி காண்டிராக்டருக்கு ஒரு ரசீது எழுதும். வேலைக்குரிய பணம் வந்துவிட்டது என்று காண்டிராக்டர் கம்பெனிக்கு ஒரு ரசீது எழுதுவார். இரண்டு ரசீதுகள் மேசையின் குறுக்கே கைமாறின. பணம் ஒரு பென்னியும் கைமாறவில்லை. ஆனால் ஏட்டில் "பங்குத் தொகை வசூல்" என்ற வரி நிரம்பிவிட்டது. நிரம்பியதும் சட்டப்படி கடன் வாங்கும் உரிமை பிறந்துவிட்டது. நாம் தணிக்கைக்கு ஏடு கொண்டு போகும் நாளில் பற்றும் வரவும் சமமாக இருப்பதைக் கண்டு நிம்மதி அடைகிறோமே, அந்த நிம்மதி எவ்வளவு தூரம் பொய்யாகலாம் என்பதை இந்த இரண்டு ரசீதுகளும் நமக்குக் கற்பித்தன. பற்றும் வரவும் அங்கும் சமமாகவே இருந்தன!

இந்தத் தாள்களையெல்லாம் பணமாக்கித் தந்த லண்டன் கடைகளில் தலைசிறந்தது ஓவரெண்டு கர்னி கம்பெனி. உண்டியல்களை வட்டம் கழித்து மாற்றும் தொழிலில் அதற்கு இணையில்லை என்ற புகழ் இருந்தது. அப்புகழை நம்பி, எளிதில் விலை போகாத இருப்புப்பாதைத் தாள்களில் அது அளவுமீறிக் கைவைத்தது. 1866 மே மாதம் 10ஆம் தேதி வியாழக்கிழமை பிற்பகல் அது கதவை மூடியது. சுமார் 1 கோடியே 10 லட்சம் பவுன் பொறுப்பு. மறுநாள் 11ஆம் தேதியை லண்டன் வணிகர் "கறுப்பு வெள்ளி" என்று இன்றும் குறிப்பிடுவர். அன்றே பீட்டோ, பெட்ஸ் நிறுவனமும் பணம் கொடுப்பதை நிறுத்தியது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை நூற்றுக்குப் பத்தாக உயர்த்தி, மூன்று மாதம் இறக்கவில்லை.

சாதம் ரயில்வேயின் கடன் பத்திரங்களிற் பல சில ஆண்டுத் தவணைக்கே எழுதப்பட்டவை. தவணை வந்ததும் பழைய பத்திரத்தை வாங்கிக்கொண்டு புதியதை எழுதிக் கொடுப்பதே வழக்கம். அம்முறை புதுப்பிக்க ஒருவரும் முன்வரவில்லை. அவ்வாண்டே கம்பெனி ரிசீவர் வசம் போயிற்று. கணக்கை அவிழ்த்துப் பார்த்தபோது, நேர்மையாக எல்லைக்குள் வாங்கப்பட்ட பத்திரம் எது, எல்லை தாண்டியது எது, ரசீதுச் சூழ்ச்சியால் பிறந்தது எது என்று பிரிப்பதே பெரும்பாடாயிற்று. கம்பெனிக்குக் காண்டிராக்டர் பாக்கியா, காண்டிராக்டருக்குக் கம்பெனி பாக்கியா என்பதிலேயே இருவரும் முரண்பட்டனர். பத்திரம் வைத்திருந்தவர்களுள் பெருஞ்செல்வர் மட்டுமா இருந்தனர்? பங்கைவிடப் பத்திரமே பத்திரம் என்று நம்பிச் சேமிப்பைப் போட்ட கைம்பெண்களும், பாதிரிமாரும், ஓய்வுபெற்றோரும் அந்நாளில் இத்தகைய பத்திரங்களை நாடுவது வழக்கம். "மூன்றில் ஒன்றுக்கு மேல் கடனில்லை, பார்லிமெண்டே சொல்லியிருக்கிறது" என்ற ஒரு சொல்லே அவர்கள் நம்பிக்கைக்கு அடிப்படை.

அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 1867இல் கார்ட்னர் வழக்கில் கெய்ர்ன்ஸ் பிரபு அளித்த தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர் படிப்பது. ரயில்வே என்பது பொதுமக்களுக்காகப் பார்லிமெண்டு அனுமதித்த உயிருள்ள தொழில்; அதைப் பழந்தரும் மரம் என்று கொள்க; பத்திரதாரருக்கு உரியது பழமே; மரத்தை வெட்டிக் கூறுபோடவோ, தாமே எடுத்து நடத்தவோ அவர்களுக்கு உரிமையில்லை என்பது அவர் கருத்தின் சாரம். தண்டவாளத்தைப் பெயர்த்து விற்க முடியாது. ஆகவே பத்திரதாரன் கையிலிருந்தது ஆண்டு வருவாயில் ஒரு பங்கு மட்டுமே. இதனால் கடன் எல்லையின் அருமை இன்னும் தெளிவாகிறது. அடமானப் பொருளை விற்க இயலாதவனுக்கு, பழத்தைப் பங்கிட வருவோர் எண்ணிக்கையைத் தவிர வேறென்ன காவல் உண்டு?

பார்லிமெண்டு விரைந்து விழித்துக்கொண்டது. 1866 ஆகஸ்டிலேயே ரயில்வேக் கம்பெனிப் பத்திரங்கள் சட்டம் வந்தது. கம்பெனிகள் தங்கள் கடன் கணக்கை அரையாண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும். வெளியிடும் ஒவ்வொரு கடன் பத்திரத்திலும், இது அனுமதித்த எல்லைக்குட்பட்டதே என்ற உறுதிமொழி எழுதப்பட வேண்டும். பொய்யென்றறிந்து கையொப்பமிடுபவர் தண்டனைக்கு ஆளாவர். மறு ஆண்டு வந்த சட்டம், கடன்காரர் இஞ்ஜின்களையும் வண்டிகளையும் ஜப்தி செய்து ஓட்டத்தை நிறுத்தாதவாறு காத்தது. நொடித்த கம்பெனி கடன்காரரோடு ஓர் ஏற்பாட்டிற்கு வர வழியும் வகுத்தது. சாதம் ரயில்வேயின் சிக்கலை அவிழ்க்க 1869இல் தனிச்சட்டமே வேண்டியிருந்தது. சாலிஸ்பரி பிரபுவும் கெய்ர்ன்ஸ் பிரபுவும் மத்தியஸ்தர்களாக அமர்ந்தனர். பீட்டோ 1868இல் பார்லிமெண்டுப் பதவியைத் துறந்தார்; மீண்டும் பழைய நிலைக்கு உயரவில்லை.

அயர்லாந்தின் கார்க் – யூகால் ரயில்வே வழக்கில் 1869இல் வந்த தீர்ப்பையும் சொல்லாது விட மனமில்லை. அங்கும் பணம் திரட்டவே லாயிட் பத்திரங்கள் எழுதப்பட்டன. அவை செல்லாதவை என்றது நீதிமன்றம். ஆனால் அப்பணத்தைக் கொண்டு கம்பெனியின் நியாயமான கடன்கள் தீர்க்கப்பட்டிருந்தால், அந்த அளவுக்குப் பத்திரதாரர் பணம் பெறலாம் என்றும் கூறிற்று. இது நமக்கு மிகச் செம்மையான தீர்ப்பாகத் தோன்றுகிறது. ஒரு கடன் போய் மற்றொரு கடன் வந்தால் சுமை கூடவில்லையே! சுமை கூடாதவரையில் பழைய கடன்காரனுக்குக் குறைவில்லை.

இதுவரை கூறியது சட்டம் இட்ட எல்லை. கடன் கொடுப்பவனே தன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் எல்லை மற்றொரு வகை. அமெரிக்க இருப்புப்பாதைகளில் இவ்வகை வளர்ந்தது. ஒரே அடமானத்தின் கீழ் இனிப் பத்திரமே வெளியிட முடியாதபடி எழுதுவது உண்டு. அதை மூடிய அடமானம் என்பர். மேலும் வெளியிடலாம், ஆனால் புதிதாகச் சேரும் சொத்தின் விலையில் இத்தனை விழுக்காடு வரையில்தான், வருவாய் வட்டியைப் போல இத்தனை மடங்கு இருந்தால்தான் என்று நிபந்தனையோடு எழுதுவதும் உண்டு. அது திறந்த அடமானம். முதல் வகையில் கம்பெனிக்கு மூச்சு முட்டும். வளரும் தொழிலுக்கு இரண்டாவதே ஏற்றது என்பது நம் எண்ணம்.

எழுதி வாங்கிய எல்லையைக் கடன் கொடுத்தவனே விட்டுக்கொடுத்தால் என்னாகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. சிகரெட்டும் பிஸ்கோத்தும் விற்ற ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியை, 1988இல் கோல்பர்க் கிராவிஸ் ராபர்ட்ஸ் என்ற நிறுவனம், பங்கு ஒன்றுக்கு 109 டாலர் வீதம் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. அப்பணத்தின் பெரும்பகுதி கடன். அக்கடனைச் சுமந்ததோ வாங்கியவர் அல்லர், வாங்கப்பட்ட கம்பெனி! பங்குதாரர் கை நிறையப் பணம் பெற்றனர். பழைய பத்திரங்களின் விலை ஒரே நாளில் சரிந்தது. சுமார் 34 கோடி டாலர் மதிப்புள்ள பத்திரங்களை வைத்திருந்த மெட்ரொபாலிட்டன் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி வழக்கிட்டது. எழுதாவிட்டாலும் நியாயம் என்று ஒன்று இல்லையா, இவ்வளவு கடனை ஏற்றமாட்டோம் என்பது உட்கிடை அல்லவா என்று வாதித்தது. 1989 ஜூனில் நீதிபதி வாக்கர் மறுத்துவிட்டார். வழக்கிட்டவர்கள் உலகறிந்த அனுபவசாலிகள். இத்தகைய நிபந்தனையை எழுதி வாங்க அவர்களுக்குத் தெரியும். சில பத்திரங்களில் அது முன்பு எழுதப்பட்டே இருந்தது. பின்னர் வேறு சலுகைகளுக்காக அவர்களே அதை நீக்கிக்கொண்டனர். நீக்கியதை நீதிமன்றம் மீண்டும் எழுதித் தராது என்றார்.

இத்தீர்ப்பைப் படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை. எத்தனையோ வக்கீல்களை வைத்திருந்த காப்பீட்டுக் கம்பெனியே கேட்க வேண்டியதைக் கேளாமல் விட்டது என்றால், கடன் சங்கத்து மேசையில் நின்றுகொண்டே கையெழுத்திட்ட ஒரு கிளார்க்கை யார் குறை கூறுவர் என்ற ஆறுதலும் சிறிது தோன்றியது. நம் மனைவி அவ்வாறு கருதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நம் நாட்டில் இந்த எல்லை எவ்வாறு நிற்கிறது? 1956ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் 293ஆம் பிரிவில், செலுத்தப்பட்ட மூலதனமும் தாராளக் காப்பு நிதியும் கூடிய தொகைக்கு மேல் இயக்குநர்கள் கடன் வாங்க வேண்டுமாயின் பங்குதாரர் பொதுக்கூட்டத்தின் இசைவு வேண்டும் என்றது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் 180ஆம் பிரிவில் இதை இன்னும் இறுக்கி, சிறப்புத் தீர்மானமே வேண்டும் என்கிறது. எல்லை மீறியதை அறியாமல் நல்லெண்ணத்துடன் கடன் கொடுத்ததாக மெய்ப்பித்தாலன்றி, மீறிக் கொடுத்தவனுக்குக் கடன் செல்லாது என்றும் கூறுகிறது. ஆனால் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வெல்லையை உயர்த்தும் அதிகாரம் பங்குதாரரிடம் உள்ளது; கடன் கொடுத்தவனிடம் இல்லை. பங்குதாரன் ஆசைப்பட்டால் கோடு நகர்ந்துவிடும். எனவேதான் பாங்குகளும், கடன் பத்திர அறங்காவலர்களும் தங்கள் அனுமதியின்றி மேற்கடன் வாங்கலாகாது, சொத்தின் மீது மறு ஈடு வைக்கலாகாது என்று தனியே எழுதி வாங்குகின்றனர்.

எழுதி வாங்கினாலும் லாயிட்டின் வாரிசுகள் இல்லாமற் போகவில்லை. தாய்க் கம்பெனிக்கு எல்லை இருந்தால் சேய்க் கம்பெனி ஒன்றைத் தோற்றுவித்து அதன் பெயரில் வாங்கலாம். 2018இல் தவணை தவறி நாட்டையே அதிர வைத்த ஐ.எல். அண்டு எஃப்.எஸ். குழுமத்துக்கு முந்நூறுக்கு மேற்பட்ட துணை நிறுவனங்கள் இருந்தன; குழுமத்தின் மொத்தக் கடன் 91,000 கோடி ரூபாய் அளவு என்று அப்போது தெரியவந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அரசு அதன் இயக்குநர் குழுவையே மாற்றியமைத்தது. உழைப்பாளர் சேமநிதிகள் பலவற்றின் பணமும் அப்பத்திரங்களில் இருந்தது என்பதை நம்மைப் போன்ற சம்பளக்காரர் மறக்க இயலாது.

நம் பழைய நண்பரைச் சென்ற ஆண்டு வேறோர் ஊர் நிலையத்தில் தற்செயலாகக் கண்டோம். அவரே வந்து கைகளைப் பற்றிக்கொண்டார். மூன்றாவது கடன் வாங்கும்போதே நம்மிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். நாம் கேட்டிருக்க வேண்டும் என்றோம். வண்டி வர நேரமிருந்ததால் இருவரும் தேநீர் அருந்தினோம். காசை அவரே கொடுத்தார்.

சாதம் ரயில்வேயோ அழிந்துவிடவில்லை. 1899இல் தன் பழைய பகையான தென்கிழக்கு ரயில்வேயோடு கூட்டு நிர்வாகத்துக்கு இசைந்தது. 1923இல் அவை பெரிய கம்பெனி ஒன்றில் கரைந்தன. 1948இல் யாவும் அரசுடைமை ஆயின. 1864இல் கட்டிய அந்தப் பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் பிற்காலத்து வண்டிகளின் பாரத்துக்குப் போதாதென்று 1985இல் அதன் மேல்தளத்தை எடுத்துவிட்டனர். சிவப்பு வண்ணம் பூசிய இரும்புத் தூண்கள் மட்டும், மேலே ஒரு தண்டவாளமும் இன்றித் தேம்ஸ் நதியில் வரிசையாக நிற்கின்றன. தென்கரையில் லண்டன், சாதம், டோவர் ரயில்வேயின் பெரிய வார்ப்பிரும்புச் சின்னத்தைப் புதுப்பித்து வைத்திருக்கின்றனர்.